படம் விற்கும்போதுதான் அந்தக் கையெழுத்தின் கனம் தெரிந்தது

அமெரிக்காவில் சின்ன பட்ஜெட்டில் முதல் படம் எடுக்கக் கிளம்பும் நம்மவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் படத்தின் செலவு 3 லட்சம் டாலருக்குள் அடங்கியது. அதனால் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் 'அல்ட்ரா லோ பட்ஜெட்' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். கதைக்குப் பொருத்தமான நடிகை சங்க உறுப்பினர்; ஒப்பந்தம் போடாத தயாரிப்பாளரிடம் உறுப்பினர்கள் வேலை செய்யக்கூடாது என்பது அவர்களின் முதல் விதி. நாள் சம்பளம், ஓவர்டைம், ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுப் பங்கு எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருந்தேன். படப்பிடிப்பு நிம்மதியாக முடிந்தது.

சிக்கல் விற்பனையில் வந்தது. விநியோகஸ்தர் ஒருவர் விலை பேசி முடித்து, ஒப்படைக்க வேண்டிய காகிதங்களின் பட்டியலை அனுப்பினார். இங்கே தியேட்டரைத் தாண்டி டிவி, டிஸ்க், ஓடிடி என்று படம் போகும்போது நடிகர்களுக்கு 'ரெசிடுவல்' என்ற மறுபயன்பாட்டுத் தொகை தர வேண்டும். கட்டண டிவிக்கு அது 3.6 சதவீதம். நான் சறுக்கியது இங்கேதான்: அது லாபத்தில் கணக்கிடுவதல்ல, விநியோகஸ்தரின் மொத்த வசூலில். போஸ்டர் செலவு, கமிஷன் எல்லாம் கழித்து என் கைக்கு ஒன்றும் வராமல் போனாலும் அந்தக் கடன் நிற்கும்.

அதை விநியோகஸ்தர் ஏற்றுக்கொள்ள 'அசம்ப்ஷன் அக்ரிமென்ட்' என்று ஒரு தாள் உண்டு. அவர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வசூல் அவரிடம், பொறுப்பு என்னிடம். போதாததற்கு, பாக்கிக்கு ஈடாகப் படத்தின் மீது சங்கத்துக்குப் பிடிமானம் இருந்தது. அது தீராமல் வேறு யாரிடமும் வில்லங்கமில்லாமல் விற்கவும் முடியாது. கடைசியில் முன்பணத்தில் ஒரு பகுதியை ரெசிடுவலுக்கென்று ஒதுக்கி வைத்த பிறகே விற்பனை முடிந்தது. நான்கு மாதம் போனது. நடிகர்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவர்கள் உழைப்பின் காசு. விநியோக ஒப்பந்தத்தின் முதல் வரைவிலேயே இந்த ஷரத்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுமொழி: எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 2023 ஜூலை 14-ல் பெரிய ஸ்டுடியோக்களுக்கு எதிராக இதே நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எங்கள் படம் தயாராக இருந்தது, விழா அழைப்பும் கையில். ஆனால் நடிகர்கள் விளம்பரத்துக்கு வரக்கூடாது. அந்த ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பான ஏ.எம்.பி.டி.பி.யில் நாங்கள் இல்லை என்பதால் சங்கத்திடம் இடைக்கால ஒப்பந்தம் கேட்டோம், கிடைத்தது. இறுதியில் என்ன உடன்பாடு வந்தாலும் அதை ஏற்கிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. முதலீட்டாளரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஆனாலும் நாயகன் மேடையில் வந்து நின்றதால்தான் வாங்குபவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தம் 118 நாள் நீடித்தது. காத்திருந்தால் அந்த ஆண்டின் விழாக்கள் கைநழுவியிருக்கும்.

மறுமொழி: முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. ஒதுக்கி வைத்த தொகையில் மீதி வந்தால் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கினீர்களா? நான் வாங்கவில்லை. ஒவ்வொரு காலாண்டுக் கணக்கையும் துரத்திக்கொண்டு இன்னும் அலைகிறேன்.