சில்வர் ஸ்ட்ரைக் டோக்கன்: மெஷின்ல ஜெயிக்கணுமா, கடையில வாங்கணுமா?

குளச்சல்காரன்:
சில்வர் ஸ்ட்ரைக்குன்னா கேசினோவுல, அதாவது சூதாட்ட விடுதியில, காசு போட்டு ஆடுற ஸ்லாட் மெஷின்ல ஜெயிச்சா விழுற வெள்ளி டோக்கன். அதை மெஷின்ல ஜெயிக்கிறதா, கடையில வாங்குறதாங்கிறதுதான் கேள்வி. லாஸ் வேகஸ்ல எனக்க அத்தான் மெஷின் முன்னால இருந்து நோட்டைச் சொருகிக்கிட்டே இருந்தாரு. இடையில ஜெயிச்சு மெஷின் கணக்குல ஏறின கிரெடிட்டும் திரும்ப ஆட்டத்துலதான் போச்சு. கடைசில சின்னங்க வரிசையா வந்து நின்னுது. டக்குன்னு ஒரு சத்தம், பிளாஸ்டிக் கூட்டோட டோக்கன் விழுந்துது. சுத்திப் பித்தளை வளையம், நடுவுல வெள்ளி. அத்தான் அதை உள்ளங்கையில மூடிக்கிட்டு, "எம்புட்டு போச்சுன்னு மட்டும் கேக்காத"ன்னாரு.

மறுநாள் ஒரு நாணயக் கடையில அதே டிசைன். மெஷினுக்குக் குடுத்ததுல கால் பங்கு விலைகூட இல்ல. அவரு அதையும் வாங்கினாரு. இப்ப ரெண்டும் அலமாரியில இருக்கு. வாற ஆளுக்கெல்லாம் ஜெயிச்சதை மட்டும்தான் எடுத்துக் காட்டுதாரு. ஏன்னு எனக்கு இன்னைக்கும் பிடிபடல.

மார்த்தாண்டம்:
கால் பங்குங்கிற கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. டோக்கன்ல 10 டாலர்னு அடிச்சிருக்கும்லா? அந்தக் கேசினோ கேஷியர்கிட்ட நீட்டியிருந்தா 10 டாலர் திரும்பக் கிடைச்சிருக்கும். அதைக் கழிச்சுட்டுதான் செலவைச் சொல்லணும். வீட்டுக்குக் கொண்டுவந்தா கேசினோவுக்குத்தான் லாபம். ஏன்னா, இது இறங்கின 1992-ல ஒரு அவுன்ஸ் வெள்ளியே 4 டாலர்தான், ஒரு டோக்கன்ல முழு அவுன்ஸ் கிடையவும் கிடையாது.

நான் கோவாவுல, மாண்டவி ஆத்துக் கேசினோ கப்பல்ல, காசுக்குப் பதிலா வச்சு ஆடுற வில்லை, அதான் சிப்பு, அதுல ஒண்ணைத் திரும்பக் காசா மாத்தாமலே எடுத்துட்டு வந்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கையை நீட்டிக்கிட்டே, "இது சார்?"ன்னு கேட்டுது. வச்சுக்கிடுதேன்னு சொன்னேன். அடிச்ச விலைக்கு மேல ஒரு பைசா செலவில்ல.

தக்கலை:
மார்த்தாண்டம் தம்பி, அது வெறும் சிப்பு. வெள்ளியோட சேத்துப் பேசாதீங்க. நான் லாஸ் வேகஸ் இருக்க நெவாடா மாநிலத்துக் கேசினோ 1 டாலர் டோக்கன் ஒண்ணுக்கு என்கிட்ட இருந்த பழைய திருவிதாங்கூர் சக்கரக் காசைக் குடுத்து மாத்தினேன், ஆசைப்பட்டுத்தான். 1960கள்ல வெள்ளி டாலர் காசுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப தாமிரம், நிக்கல் கலந்து அடிச்ச வகை அது.

குளச்சல் அண்ணே, அத்தான்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. கூட்டைத் திறக்கக் கூடாது. வெள்ளி கறுத்தாலும் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கவே கூடாது, தேய்ச்சா சேகரிக்கிறவன் பாதி விலைக்குக் கேப்பான். கடல்காத்து படுற அலமாரியில வைக்காதீங்க. பித்தளை வளையந்தான் முதல்ல பச்சை பிடிக்கும். புதுசா வேணும்னா மெஷின் பக்கமே போக வேண்டாம், கூட்டோட இருக்கதைப் பாத்து விலைக்கு வாங்குங்க. எந்தக் கேசினோ, எந்த வருஷம்னு சீட்டு எழுதிக் கூடவே வைங்க. ஜெயிச்சது எது, வாங்கினது எதுன்னும் எழுதச் சொல்லுங்க. பிள்ளைகளுக்குத் தெரியணும்லா.