'லூஸ் எண்ட்' – தமிழில் ஒரு சொல் வேண்டும்

க. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்கான ஆங்கில மரபுத்தொடர்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'அட் எ லூஸ் எண்ட்' என்ற தொடரில் சிக்கி நிற்கிறேன். கையில் வேலை இல்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்னும் நிலை அது. 'ஓய்வு' என்றால் 'லெஷர்' வந்து இடிக்கிறது. 'சலிப்பு' என்றால் 'போர்டம்'. கட்டத்தில் ஒரே ஒரு பெயர்ச்சொல்லுக்குத்தான் இடம்.

வே. எழுதியது:
இங்கே 'எண்ட்' முடிவு அன்று, கயிற்றின் தலைப்பு. எதிலும் கட்டாமல் தொங்குகிற தலைப்பு. பிரிட்டனில் ஒருமை, அமெரிக்காவில் 'அட் லூஸ் எண்ட்ஸ்' என்று பன்மை. கப்பலில் சும்மா இருந்த மாலுமிகளைப் பிரிந்த கயிற்று முனைகளைச் சீர்செய்யச் சொன்னதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதைதான், அழகு சான்றாகிவிடாது. மேயவிட்ட குதிரையின் கயிறு என்பாரும் உண்டு. நமக்குத்தான் கட்டுத்தறி இருக்கிறதே! தறியைவிட்டு ஓடுவதைத்தானே 'தறிகெட்டு' என்கிறோம்? ஆகவே 'தறிவிடுநிலை'. தறித்து நட்டது தறி. நெசவுத் தறிக்கும் அதுவே மூலம் என்பது என் துணிபு.

ச. எழுதியது:
புலவர் ஐயா, 'தறிகெட்டு' என்றால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்பார். லூஸ் எண்டில் இருப்பவர் யாரையும் முட்டப் போவதில்லை. அதே செய்தித்தாளை மூன்றாம் முறையாகப் புரட்டிக்கொண்டிருப்பார். 'பொழுது போகவில்லை' என்று எல்லோரும் சொல்கிறோம். 'பொழுதுபோகாமை' என்று போட்டு முடியுங்கள்.

நா. எழுதியது:
'ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்' என்கிறோம். ஓய்வைக் கலைச்சொல்லாக்கிவிட்டு ஒழிச்சலைத் தெருவில் விட்டோம். மலையாளத்தில் ஓய்வு நேரம் இன்றும் 'ஒழிவுசமயம்'தான். அலமாரியை ஒழித்துக் கொடு என்றால் அழிப்பதா? உள்ளே இருப்பதை எடுத்து இடம் உண்டாக்குவது. 'கை ஒழிந்ததும் வருகிறேன்' என்பதும் அந்த ஒழிதல்தான். என் பரிந்துரை 'கையொழிவு'.

வே. எழுதியது:
நல்ல சொல், அம்மா. ஆனால் ஓய்வும் ஒழிவும் வேறு. ஓ, ஓவு, ஓய் எல்லாம் நிற்றல். 'ஓவாதே செல்லும்வாய் எல்லாஞ் செயல்' என்ற குறளில் 'ஓவாதே' இடைவிடாமல் என்று பொருள்படும். கையொழிவில் வேலை முடிந்த நிம்மதி இருக்கிறது. லூஸ் எண்டின் தவிப்பு எங்கே? இன்னொன்று: 'ஸ்கூல்' கிரேக்கத்தின் 'ஸ்கோலே'யிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் ஓய்வு. நம் 'பள்ளி'யும் படுக்குமிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி பாருங்கள்.

ச. எழுதியது:
ஐயா, இதை மட்டும் மாணவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.

க. எழுதியது:
இதே பக்கத்தில் இரண்டு வரி கீழே 'டை அப் த லூஸ் எண்ட்ஸ்' வருகிறது. அரைகுறையாக நிற்பவற்றை முடிப்பது. இரண்டிலும் கயிறு ஒன்று. கையொழிவு அங்கே உதவாதே?

நா. எழுதியது:
அங்கே 'விட்டகுறை' போடுங்கள். ஆங்கிலக் கயிற்றை நாமும் பிடித்துத் தொங்க வேண்டுமா?

வே. எழுதியது:
விட்டகுறை தொட்டகுறை முற்பிறவி விவகாரம். கையேட்டில் மறுபிறப்பு எதற்கு?

க. எழுதியது:
தனி மடலில் எழுதிய இருவரையும் சேர்த்துக் கையொழிவுக்கு மூவர், பொழுதுபோகாமைக்கு ஒருவர், தறிவிடுநிலைக்குப் புலவர் ஐயா. 'கையொழிவு' என்று போட்டு, 'செய்ய ஒன்றுமின்றிப் பொழுது போகாத நிலை' என்று விளக்கமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். கீழே உள்ளதற்கு 'எஞ்சிய வேலை'. அனைவருக்கும் நன்றி.

ச. எழுதியது:
விளக்கத்தில் என் சொல்தான் நிற்கிறது. அதையே தலைப்பில் வைத்திருக்கலாம்.

வே. எழுதியது:
நெசவுத் தறி பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.