தமிழ் நூல்களுக்கு எந்த இ-ரீடர்? மூன்று கருவிகளில் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

மின்நூல் படிப்பதற்கான கருவிகளான கிண்டில், கோபோ, பூக்ஸ் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கில நூல்களை மனத்தில் கொண்டவை. திரை அளவு, பேட்டரி, விலை, நீர் புகாத தன்மை எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும் அவை, தமிழ் வாசகர் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகள் அந்தத் திரையில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்வதில்லை. நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் வாசிப்பில் பெரும்பகுதி பழைய உரைநூல்களின் ஸ்கேன் பிரதிகள். மீதி, அண்மையில் வெளியாகும் நாவல்களும் கட்டுரைகளும். எனவே விவரப் பட்டியலை மட்டும் நம்பாமல், சக ஆசிரியை வைத்திருக்கும் கிண்டில் பேப்பர்ஒயிட், கொழுந்தனாரின் கோபோ கிளாரா, குடும்ப நண்பர் ஒருவரின் 10.3 அங்குல பூக்ஸ் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, ஒரே நூல்களை அவற்றில் படித்துப் பார்த்த பிறகே முடிவெடுத்தேன்.

இதற்காக எடுத்துக்கொண்டவை மூன்று வகைக் கோப்புகள். முதலாவது, 2013 முதல் இயங்கிவரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கிய ஈபப், அதாவது திரைக்கு ஏற்ப எழுத்து அடுக்கிக்கொள்ளும் மின்நூல் கோப்பு. இரண்டாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைத்த பழைய உரைநூல் ஒன்றின் பிடிஎஃப். பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்தது. மூன்றாவது, கிண்டில் கடையில் விலை கொடுத்து வாங்கிய நாவல். தமிழில் மின்நூல் படிக்கும் பலரிடமும் இந்த மூன்று வகையும் கலந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுத்து சரியாகத் தெரிகிறதா என்பதே எனக்கு முதல் கேள்வியாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முன்பு இருந்த ஒரு பழைய கருவியில் (அதன் நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை) தமிழ் ஈபப் கோப்பைத் திறந்தால் பக்கம் முழுவதும் வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. தமிழ் எழுத்துருவை அதில் ஏற்றிய பிறகு கட்டங்கள் மறைந்தன; ஆனால் ‘கொடுத்தான்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் ‘கொ’ என்பது, முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்துக் காட்டுவது வாசிப்பு மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் எவ்வளவு அழகான எழுத்துருவை ஏற்றினாலும் பயனில்லை. கட்டற்ற வாசிப்பு மென்பொருளான கோரீடர் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலைப் பயன்படுத்துவதால், கொழுந்தனார் தம் கோபோவில் அதை நிறுவி வைத்திருந்தார். அதில் கொம்பு, கால், கொக்கி எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. கிண்டிலிலும் என் கோப்பில் ஓர் எழுத்துகூடப் பிறழவில்லை. அமேசான் 2016 டிசம்பரிலேயே தமிழ் மின்நூல்களைத் தன் கடையில் சேர்த்துவிட்டது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் கிண்டில் வாங்குபவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

திரையின் அடர்த்தியையும் தமிழுக்காகத் தனியே பார்க்க வேண்டும். 2022க்கு முன் வந்த அடிப்படைக் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 படப்புள்ளிகள்தாம். சிறிய எழுத்தில் படித்தால் மெய்யெழுத்தின் புள்ளி அதன் மேற்கோட்டோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். இப்போது அடிப்படைக் கிண்டில், கோபோ கிளாரா இரண்டிலும் 300 வந்துவிட்டது, புள்ளியும் தெளிவாக நிற்கிறது. பழைய கருவியைக் குறைந்த விலையில் வாங்க நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, தமிழில் ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ போன்ற நீண்ட சொற்கள் ஆறங்குலத் திரையில் வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குப் போகும்போது, இருபுறமும் சமன் செய்யப்பட்ட பக்கத்தில் மேல் வரியின் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளி விழுகிறது. அமைப்பில் இடப்புறச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஸ்கேன் செய்த உரைநூல்தான். டெம்மி என்ற அச்சு அளவில் வந்த அந்த நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. ஆறங்குலத் திரையோ சுமார் 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும்தான். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் எழுத்து பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மூலத்தை எப்படியோ படித்துவிடலாம், அடிக்குறிப்புகளைப் படிக்கவே முடியாது. கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் எழுத்து பெரிதாகும், ஆனால் ஒரே பக்கத்தைப் பகுதி பகுதியாக நகர்த்த வேண்டும். செய்யுள் மேலேயும் அதன் உரை கீழேயும் இருக்கும் நூலில் ஒவ்வொரு முறையும் மேலே போய்த் திரும்ப நேர்கிறது. கோரீடரில் ஸ்கேன் படத்திலுள்ள சொற்களைத் தனித்தனியே வெட்டித் திரைக்கு ஏற்ப மீண்டும் அடுக்கும் வசதி உண்டு. உரைநடைக்கு அது வியக்கத்தக்க அளவுக்குப் பயன்படுகிறது. ஆனால் நாற்சீர் அடியை அது மூன்று சீரோடு முறித்து, நான்காம் சீரை அடுத்த வரியில் தனியே விட்டது. யாப்பைக் கண்ணால் பார்த்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது சிறிதும் ஒத்துவரவில்லை.

10.3 அங்குலத் திரை சுமார் 15.7 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உடையது. பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிவிட்டால் டெம்மி நூல் அச்சில் இருந்த அளவிலேயே கிடைக்கிறது. நண்பரின் கருவியில் அந்த உரைநூலைத் திறந்தபோது, பாடவேறுபாடுகளைத் தரும் மிகச் சிறிய எழுத்துக்கூடக் கண்ணாடியைக் கழற்றி மாட்டாமல் படிக்க முடிந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் கடையில் வாங்கிய நூல்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. காலச்சுவடு, கிழக்கு போன்ற பதிப்பகங்களின் நூல்கள் கிண்டிலில் கிடைக்கின்றன. தமிழ் மின்நூல்களைத் தேடும்போது நான் முதலில் போவதும் அங்கேதான். கோபோவில் ஈபப் கோப்பை மாற்றாமல் நேரடியாகப் படிக்கலாம் என்பது பெரிய வசதி, எனினும் கிண்டிலில் வாங்கிய நூலை அதில் திறக்க முடியாது. 2022 முதல் ஈபப் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பவும் முடிகிறது. ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது. விலை கொடுத்து வாங்கிய நூலின் பிரதி என் கையில் இருக்காது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. நூலை வாங்கும்போதே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இயங்கும் பூக்ஸில் கிண்டில் செயலியை நிறுவிக்கொள்ளலாம் என்பதால், என் நாவல்களும் அதே கருவியில் கிடைக்கின்றன.

வண்ணத் திரைகளைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. கலிடோ 3 என்ற வண்ணத் திரையில் கருப்பு வெள்ளைக்கு 300, வண்ணத்துக்கு 150 என்ற அடர்த்திதான் கிடைக்கிறது. மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் பின்னணியும் சற்று மங்கலாகிறது. பழுப்பேறிய பக்கங்களின் ஸ்கேனுக்கு அது உதவாது.

ஆண்ட்ராய்டு இயங்கும் பெரிய கருவி எதற்கும் சில குறைகள் உண்டு, அவற்றை ஏற்றுக்கொண்டுதான் 10.3 அங்குல பூக்ஸை வாங்கினேன். எடை பேப்பர்ஒயிட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு; படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் படிக்க முடியாது. கிண்டிலை வாரக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் வைத்திருக்கலாம், இதைச் சில நாள்களுக்கு ஒருமுறை சார்ஜரில் போட வேண்டும். பேருந்தில் எடுத்துச் செல்வதைவிட மேசையில் வைத்துக் குறிப்பெடுத்துப் படிப்பதற்கே இது ஏற்றது.

என் மாமியாருக்கு இதே கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது பேப்பர்ஒயிட். அவர் படிப்பவை குடும்ப நாவல்களும் பக்தி நூல்களும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும், இரவில் வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளவும் முடிந்தாலே அவருக்குப் போதும். மதிய வேளையில் திண்ணை வெயிலில் உட்கார்ந்து படிக்கிறார். செல்போன் திரை தெரியாத அந்த வெயிலில் இது அச்சுப் பக்கத்தைப்போல் தெளிவாகத் தெரிகிறது.

இவற்றுக்கு இடைப்பட்ட 7.8 அங்குலக் கருவியில் நான் படித்துப் பார்த்ததில்லை. சுமார் 12 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் கொண்ட அந்தத் திரை, டெம்மியைவிடச் சிறிய கிரவுன் அளவு நூல்களுக்குப் போதும் என்றே கணக்குச் சொல்கிறது. இலங்கையின் ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளத்திலுள்ள பழைய இதழ்களை, குறிப்பாக ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக அச்சான இதழ்களை, அந்த அளவுக் கருவியில் யாராவது படித்திருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்கக் காத்திருக்கிறார்.