குன்னூர் பக்கம் மேஜிக் கார்டு ஆடுபவர்கள் உண்டா?
வணக்கம். நானும் எட்டாவது படிக்கும் மகளும் ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆடுகிறோம். ஆளுக்கொரு கட்டு கார்டு வைத்து மோதும் ஆட்டம், 1993இல் வந்தது, ஆனால் என்னைவிட அவள்தான் கெட்டி.

பிரச்சினை இந்த ஊர் ஈரம். ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் மெல்லிய பளபளப்புப் படலம், மறுபக்கம் காகிதம். காகிதம் மட்டும் ஈரத்தை இழுத்து விரிவதால் கார்டு வில்லாய் வளைந்துவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதுமா? ஐப்பசி மழையைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், ஊட்டி, கோத்தகிரியிலிருந்து யாராவது சேர்ந்து ஆட வருவீர்களா? நாங்கள் ஆடுவது பாப்பர் முறை: குறைந்தது 60 கார்டு, எல்லாமே காமன் (எளிதாகக் கிடைக்கும் சாதா கார்டு), கையைக் கடிக்காது. கமாண்டர் என்ற இன்னொரு முறைக்கு 100 கார்டு வேண்டும், அதுவும் நாலு பேர் இருந்தால்தான் களைகட்டும். ஞாயிறு மதியம் பெட்ஃபோர்டு பக்கம் எங்களுக்கு வசதி. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.