கடல்கோளும் ஆழிப்பேரலையும் ஒன்றா?

மேலூர்க்காரன்:
எங்கள் பள்ளிக் கட்டுரைப் போட்டியில் ஒரு மாணவி, ‘2004ஆம் ஆண்டுக் கடல்கோளில் நாகப்பட்டினம் பெருஞ்சேதம் அடைந்தது’ என்று எழுதியிருந்தாள். என்னுடன் திருத்திய தமிழாசிரியர் ‘கடல்கோள்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆழிப்பேரலை’ என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணும் குறைத்தார். இவ்விரு சொற்களும் ஒரே பொருளைத் தருவனவா? கடல்கோள் என்னும் சொல் எவ்வாறு அமைந்தது, எங்கெல்லாம் வழங்கியது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

சிம்மக்கல்:
ஐயா, ‘கொள்’ என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு ‘கோள்’ ஆயிற்று. கெடு கேடாவதும் பெறு பேறாவதும் போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயரே. எனவே கடல்கோள் என்பது கடல் கொள்ளுதல், அதாவது கடல் தனக்கென எடுத்துக்கொள்ளுதல். அழிவைக் குறிக்கும் உறுப்பு எதுவும் இச்சொல்லுக்குள் இல்லை. நிர்மூலம் என்றால் வேரற்றுப் போவது, பிரளயம் என்றால் கரைந்து ஒடுங்குவது. இச்சொல்லோ எடுத்தது யார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வரும் வழியில் கோவலன் சந்திக்கும் மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்தும்போது, பஃறுளி ஆற்றோடும் பல மலைகளோடும் ‘குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்கிறான். முதற்சங்கம் இருந்த ஊரை இறையனார் களவியலுரை ‘கடல் கொள்ளப்பட்ட மதுரை’ என்றே சுட்டுகிறது. கலித்தொகையின் 104ஆம் பாடலில் ‘வௌவல்’ என்ற வினை வருகிறது. தன் மண்ணைக் கடல் பறித்துக்கொண்டதால் பாண்டியன் பகைவர் நாட்டின்மேல் சென்று இடம் தேடிக்கொண்டானாம். இவ்விடங்களில் எல்லாம் போனது நிலம், அதுவும் திரும்பி வராதபடி போனது. (இவற்றை 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் ஊகித்த லெமூரியாக் கண்டத்தோடு முடிச்சுப் போடுவது பிற்காலத்து ஆர்வம், சொல்லாராய்ச்சிக்கு அது தேவையில்லை.)

திருப்பரங்குன்றம்:
சிம்மக்கல் ஐயா அந்த அடிக்கு முன்னுள்ளதை விட்டுவிட்டார். ‘வடிவேல் எறிந்த வான்பகை பொறாது’ என்றல்லவா அப்பகுதி தொடங்குகிறது? பாண்டியன் தன்மேல் வேலெறிந்த பகையைப் பொறுக்காமல்தான் கடல் நிலத்தைக் கொண்டது. நம் திருவிளையாடற் புராணத்தில் ‘கடல் சுவற வேல்விட்ட படலம்’ இருக்கிறதே, அங்கே மதுரையை அழிக்க வந்த கடல் உக்கிரபாண்டியனின் வேல் பட்டு வற்றுகிறது. புராணம் பாண்டியனின் வெற்றியோடு நின்றுவிட, சிலம்பு கடலின் பழிவாங்கலையும் சொல்கிறது. வஞ்சம் வைத்து வாங்கிக்கொள்ளும் ஓர் எதிரியாகக் கடலைப் பார்த்தவர்களுக்குக் ‘கொள்’ என்ற வினையே பொருந்தியிருக்கும்.

சேதுக்கரை:
நான் மண்டபத்தில் பிறந்து மதுரையில் குடியேறியவன். 1964 டிசம்பரில் வீசிய புயலைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள், ‘தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோச்சு’ என்றுதான் சொல்வார்கள். ஏடறியாதவர்கள் வாயிலும் அந்தப் பழைய வினை அப்படியே இருந்தது. ஆனாலும் தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்பதால், அதை முழுமையான கடல்கோள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சுனாமி என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். ஆழிப்பேரலையும் அலையையே பெயரிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த நீர் உயிர்களையும் உடைமைகளையும் வாரிக்கொண்டு திரும்பிவிட்டது, ஊர் நிலத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் ஆழிப்பேரலைதான் துல்லியமான சொல். எனினும் அப்போது சுனாமியைக் கடல்கோள் என்று எழுதியவர்களும் உண்டு என்பதால், மாணவி எழுதியதைப் பிழை என்று அடித்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் குறித்துக் காட்டியிருந்தால் போதும்.

மேலூர்க்காரன்:
மூவருக்கும் நன்றி. உங்கள் விளக்கங்களை அச்சிட்டு அந்த ஆசிரியரிடம் கொடுத்தேன். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருத்தத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்.