மண்டபம் கேம்ப்: கொள்ளைநோயைத் தடுத்ததா, கூலியாட்களைத் தடுத்ததா?

பாம்பன் வலைக்காரன்:
இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் மண்டபம் கேம்ப். நம் ஊர்க் குழுவில் ஒருவர், "மண்டபம் கேம்ப் மட்டும் இல்லையென்றால் பிளேக் இலங்கையைத் துடைத்துப் போட்டிருக்கும், இது நம் கடற்கரைக்குப் பெருமை" என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். என் பாட்டியின் அம்மா தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அந்தக் கேம்ப்பில் அடைபட்டுக் கிடந்துதான் தனுஷ்கோடியில் கப்பலேறினார். கழுத்தில் எண் பொறித்த தகரச் சீட்டு. கட்டியிருந்த சிவப்புச் சேலையைப் பிடுங்கி நீராவியில் அவித்துக் கொடுத்தார்கள். சாயம் இறங்கி, ஈர வைக்கோல் நிறத்தில் திரும்பி வந்ததாம். கல்யாணச் சேலை அது. மேல் வகுப்பு டிக்கெட்காரர்களுக்கு மட்டும் சலுகை. டிக்கெட்டைப் பார்த்துவிட்டா நோய் தொற்றும்?

உச்சிப்புளி சுகாதாரம்:
தம்பி, சேலைக்கு நானும் வருந்துகிறேன். ஆனால் காலத்தையும் பாருங்கள். 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின், நம் ஊரில் நோய் தொற்றியவர் காய்ச்சல் தெரியுமுன்பே மலைத்தோட்டத்து லயத்துக்கு, அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்துவிடலாம். சில நாள் நிறுத்திவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி என்ன? பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். கேம்ப்பில் அம்மை குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டு சுகாதார ஆய்வாளர் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைத்தான் ஊர் பிறகு தூற்றும்.

பாம்பன் வலைக்காரன்:
நிறுத்திவைத்தும் 1914-இல் கொழும்புக்குப் பிளேக் வந்ததே ஐயா! அதுவும் தானியக் கிடங்குகள் அடர்ந்த பகுதியில். எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் மூட்டையோடு மூட்டையாகக் கரையேறின. எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898-லேயே கராச்சியில் காட்டிவிட்டார். ஆளை அவித்தார்கள், அரிசியை விட்டுவிட்டார்கள். அரிசிக்கு முதலாளி உண்டு, கூலிக்கு யார் உண்டு?

கீழக்கரை காக்கா:
நானும் ஒரு பங்கு வைக்கிறேன். 1994-இல் தங்கையின் நிக்காஹுக்காகத் துபாயிலிருந்து ஊர் வந்திருந்தேன். விடுப்பு முடிவதற்குள் சூரத்தில் பிளேக் என்று செய்தி. வளைகுடா நாடுகள் இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்திவிட்டன. சூரத் எங்கே, கீழக்கரை எங்கே! நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. தெருவில் எங்களைப் போல் ஒன்பது பேர். தினமும் காலையில் தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று முதலாளியிடம் கெஞ்சுவோம். எனக்கு வேலை தப்பியது, இரண்டு பேருக்குப் போயே போய்விட்டது. இத்தனைக்கும் சூரத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர். ஊரை விட்டு ஓடியவர்கள் பல லட்சம். நோயைவிடப் பேச்சு வேகமாகக் கடல் தாண்டியது.

உச்சிப்புளி சுகாதாரம்:
காக்கா, நீங்கள் சொன்னதே எனக்கு ஆதாரம். பல லட்சம் பேர் கண்காணிப்பில்லாமல் ரயில் ஏறினார்கள். அவர்களில் சிலருக்கு நுரையீரல் பிளேக் இருந்திருந்தால்? அது எலி வழியாக வருவதில்லை, இருமலில் வரும். 2017-இல் மடகாஸ்கரில் சில மாதங்களில் 2,400-க்கு மேற்பட்டோருக்குச் சந்தேகத்துக்குரிய பாதிப்பு, இருநூறுக்கு மேல் சாவு. அதில் பெரும்பாலும் நுரையீரல் வகைதான். இருமுகிறவரைத் தனியே வைப்பது தீண்டாமை இல்லை.

கீழக்கரை காக்கா:
இருமுகிறவரைத் தனியே வையுங்கள், யார் வேண்டாம் என்றது? நான் இருமவே இல்லையே.

சேதுநாட்டு வாசகன்:
இரண்டு பக்கமும் ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிட்டீர்கள்: தெள்ளுப்பூச்சியில் எந்த வகை என்பதை. கொழும்பில் வேலை பார்த்த ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளர் எலித் தெள்ளுகளைப் பிரித்துப் பார்த்தார். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் அஸ்டியா என்ற வகை மிகுதி. பிளேக்கைக் கடத்துவதில் அது சோம்பேறி. கெட்டிக்காரத் தெள்ளு வேறு, கியோபிஸ். சென்னை நகரம் பெரிய அளவில் தப்பியதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். கோயம்புத்தூர், சேலம் பக்கமோ வதைபட்டது. கோவையில் பிளேக் மாரியம்மனுக்கே கோயில் இருக்கிறது. நம் கரையில் அப்படி ஒரு அம்மனை நான் பார்த்ததில்லை. ஆகவே இலங்கை மலைநாடு பிழைத்த புகழை முழுவதுமாகக் கேம்ப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பயனற்றது என்று தள்ளவும் இது போதாது. அம்மைக்கும் காலராவுக்கும் தெள்ளு தேவையில்லையே.

உச்சிப்புளி சுகாதாரம்:
தெள்ளு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேம்ப் கட்டியவர்களுக்கு அன்று அது தெரியாது.

பாம்பன் வலைக்காரன்:
சிமோன் சொன்னது தெரிந்திருக்குமே! சரி, அதை விடுங்கள். பூனாவில் பிளேக் சோதனை என்று வீடு புகுந்ததில் ஆத்திரம் மூண்டு, 1897-இல் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். அதே ஆண்டு வந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். சட்டம் பழையது, அச்சமும் பழையது.

உச்சிப்புளி சுகாதாரம்:
கல்லெறிந்தவர்கள் மக்கள், தம்பி, சட்டம் அல்ல. அந்தச் சட்டத்தில் அந்த ஆண்டு திருத்தம் கொண்டுவந்ததே மருத்துவர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத்தான்.

பாம்பன் வலைக்காரன்:
அதை மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் இலங்கையில் பால்மாவுக்கும் வழியில்லாமல் படகில் தனுஷ்கோடி வந்தவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? அதே மண்டபம் கேம்ப்பில். போனவர்களையும் அங்கேதான் வைத்தோம், வந்தவர்களையும் அங்கேதான்.

கீழக்கரை காக்கா:
தம்பி, அந்தச் சேலை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

பாம்பன் வலைக்காரன்:
இல்லை காக்கா. அதைக் கிழித்து என் பாட்டிக்குத் தொட்டில் கட்டினார்களாம், தோட்டத்து லயத்தில்.