ஆக்சி எரிப்புச் சாம்பலில் எல்ஓஐ நான்கு மடங்கு வருகிறது, அவசர உதவி தேவை

வைகைக்கரை (இரவு 11:42)
வணக்கம். ஆக்சி எரிப்பில் (காற்றுக்குப் பதில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில் எரிப்பது) கிடைத்த சாம்பலுக்கு எல்ஓஐ, அதாவது சூடேற்றும்போது போகும் எடை, 8.3 விழுக்காடு வருகிறது. அதே நிலக்கரியைக் காற்றில் எரித்த சாம்பலுக்கு 2.1 தான். கார்பன் ஏன் இவ்வளவு எரியாமல் நிற்கிறது? ஆக்சிஜனைக் கூட்டியும் குறையவில்லை. வியாழக்கிழமை நெறியாளரிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

திருநகர் (இரவு 11:58)
எந்த நிலக்கரி? உலை எத்தனை டிகிரி? ஆக்சிஜன் எவ்வளவு, மீதி என்ன வாயு? இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லையே, நண்பரே.

அனல்22 (காலை 5:20)
நான் தூத்துக்குடியில் கொதிகலன் பக்கம் 22 ஆண்டுகள் இருந்தவன். காரணம் சுடரின் சூடுதான். நைட்ரஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடு அதிக வெப்பத்தை உறிஞ்சும். ஆக்சிஜன் அதன் வழியே மெதுவாகத்தான் பரவும். காற்றில் 21 விழுக்காடு தரும் சுடரை இங்கே பெற 28, 30 வரை ஏற்ற வேண்டும். தம்பி 21-லேயே ஓட்டியிருப்பார்.

வைகைக்கரை (காலை 7:05)
மன்னிக்கவும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி. குழாய் உலை, 1000 டிகிரி. ஆக்சிஜன் 30, கார்பன் டை ஆக்சைடு 70, இரண்டும் சிலிண்டரிலிருந்து. 35 வரை ஏற்றியும் எல்ஓஐ அதேதான்.

கொதிகலன் (காலை 9:14)
இந்தக் கேள்வியை இங்கே எத்தனை பேருக்கு விளக்கிவிட்டேன்! அடிப்படையைப் படித்துவிட்டு உலையைத் தொடும் வழக்கம் இப்போதைய மாணவர்களிடம் இல்லை. ஆக்சி எரிப்பில் நைட்ரஜன் இல்லாததால் வாயுவின் அளவு குறைகிறது. புகை மறுபடி உலைக்குள் வருகிறது. கந்தக டை ஆக்சைடின் செறிவு சில மடங்கு ஏறுகிறது. அது சாம்பலில் சல்பேட்டாக ஏறும். எல்ஓஐயில் போவது அந்தச் சல்பேட். இதைப் பாடநூலிலேயே பார்த்திருக்கலாம்.

திருநகர் (காலை 9:31)
ஐயா, அவர் சிலிண்டர் வாயுவை ஒரு முறை செலுத்தி வெளியே விடுகிறார். மறுசுழற்சியே இல்லாத இடத்தில் கந்தகம் எப்படிப் பெருகும்? கால்சியம் சல்பேட் 950 டிகிரிச் சோதனையில் கலைவதும் இல்லை.

கமுதிவெயில் (காலை 10:02)
ஒரு டன் ஆக்சிஜனைப் பிரிக்கவே சுமார் 200 யூனிட் மின்சாரம் போகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. இன்னும் நிலக்கரியை எரிக்கும் வழியிலா நம் பிள்ளைகள் ஆண்டுகளைச் செலவிட வேண்டும்? வருத்தமாக இருக்கிறது.

அனல்22 (காலை 10:20)
இரவு எட்டு மணிக்கு மதுரையில் விசிறி ஓட வேண்டுமே, அம்மா. ஆஸ்திரேலியாவின் காலைடில் 30 மெகாவாட் அலகையே இந்த முறையில் ஓட்டிக் காட்டினார்கள்.

கமுதிவெயில் (காலை 10:33)
2012-இல் தொடங்கியது 2015-இல் நின்றுவிட்டதே! ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரியை வைத்து 2008-இல் தொடங்கிய ஷ்வார்ட்சே பும்பே முன்னோடி ஆலையும் மூடப்பட்டது.

திருநகர் (காலை 10:51)
சிமென்ட் ஆலை விடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது நிற்காது. அந்த வாயுவைப் பிரித்துப் பிடிக்க இந்த ஆய்வு அங்கே பயன்படும். இதற்குத் தனி இழை தொடங்குவோம்.

காளவாசல் (பகல் 1:15)
வைகைக்கரை, மூன்று கேள்விகள். சாம்பல் என்ன நிறம்? உலையை அணைத்த பிறகு எந்த வாயுவில் ஆறவிட்டீர்கள்? சாம்பலில் கால்சியம் ஆக்சைடு எவ்வளவு?

வைகைக்கரை (பகல் 1:40)
வெளிர் மஞ்சள், காற்றில் எரித்ததைவிடச் சற்று வெளுப்பு. உலைக்குள் மாதிரியை வைக்கும் பீங்கான் படகின் அடியில் கட்டிதட்டியிருக்கிறது. வெளிக்காற்று புகக்கூடாது என்று கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்திலேயே இரவு முழுக்க ஆறவிட்டேன். காற்றுச் சோதனையில் காற்றிலேயே ஆறியது. கால்சியம் ஆக்சைடு 14 விழுக்காடு.

காளவாசல் (பகல் 2:26)
எட்டு விழுக்காடு கார்பன் இருந்தால் சாம்பல் கருத்திருக்கும். உங்களுடையது வெளுத்திருக்கிறது. எல்ஓஐ என்பது சூட்டில் போகும் எடை, அவ்வளவுதான். அதைக் கார்பன் என்று எழுதியதில்தான் பிழை.

1000 டிகிரியில் சுண்ணாம்பு சுட்ட சுண்ணாம்பாகவே இருக்கும். நீங்கள் ஆறவிட்ட வாயு ஓட்டத்தில் 900 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் அது கார்பன் டை ஆக்சைடை ஏற்று மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. நாயக்கர் மகாலின் சுதை இறுகியதும் இதே வேதியியலால்தான். அங்கே ஈரத்தோடு மெல்ல நடந்தது, உங்கள் உலையில் சூட்டில் ஓர் இரவில் நடந்துவிட்டது. கட்டிதட்டியதற்கும் இதையே முதலில் சந்தேகிப்பேன். சோதனையில் 950-க்கு ஏற்றியதும் அந்த வாயு வெளியேறுகிறது.

கணக்கும் இடிக்கவில்லை. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 44 கிராம் வாயுவை ஏற்கும். உங்கள் 6.2 விழுக்காட்டு வித்தியாசத்துக்கு 100 கிராம் சாம்பலில் சுமார் 8 கிராம் சுட்ட சுண்ணாம்பு போதும். உங்களிடம் 14 இருக்கிறது. மீதி சல்பேட்டிலும் சிலிக்கேட்டிலும் சிக்கியிருக்கும்.

இன்றே ஒரு சிட்டிகை சாம்பலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். பிறகு எல்ஓஐயைக் காற்றில் 550, அடுத்து 950 என இரண்டு படியாகச் செய்யுங்கள். முதல் படியில் போவதே பெரும்பாலும் கார்பன். சாம்பலைத் திறந்து வைக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் சுண்ணாம்பு நீறிவிட்டால் அந்த நீரும் முதல் படியில் போய் உங்களை ஏமாற்றும். அடுத்த ஓட்டத்தில் 1000 டிகிரியிலேயே நைட்ரஜனுக்கு மாற்றிவிட்டு ஆறவிடுங்கள்.

பழைய மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள். உண்மையான ஆக்சி கொதிகலனிலும் புகை குளிரும் பகுதியில் சாம்பல் இதே வாயுவில்தான் இருக்கும். சுண்ணாம்புக்கல் சேர்த்து ஓட்டும் சுழல்படுகைக் கொதிகலன்களில் (எரிபொருள் துகள்களை வாயு ஓட்டத்தில் மிதக்கவிட்டு எரிப்பவை) இப்படி இறுகும் படிவு பெரிய தலைவலி. நெறியாளரிடம் அதையும் காட்டுங்கள்.

கொதிகலன் (மாலை 4:05)
நான் சொன்னது பெரிய ஆலைக்கு. சிறிய குழாய் உலையை வைத்துப் பொதுவான முடிவுக்கு வரக்கூடாது என்பதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

சாம்பல்செங்கல் (மாலை 5:48)
திருமங்கலம் பக்கம் செங்கல் போடுகிறேன். நிலக்கரிச் சாம்பலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3812 எல்ஓஐ 5-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. கார்பனேட்டால் 8 வந்தாலும் சாம்பலைத் தள்ளிவிட வேண்டியதுதானா?

வைகைக்கரை (மறுநாள் இரவு 10:10)
நுரைத்தது. 550-இல் 1.4, மீதி எல்லாம் 950-இல். நைட்ரஜனில் ஆறவிட்ட புதிய மாதிரிக்கு மொத்தமே 2.4. காளவாசல் ஐயாவுக்கு மிக்க நன்றி. நாளை அதிகாலையில் கல்லூரிக்குப் பஸ், மற்றவர்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

சாம்பல்செங்கல் (மறுநாள் இரவு 10:31)
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.